பேர் சிதையாம சர்டிபிகேட் வரைக்கும்

ஏதாவது ஒரு டிபார்ட்மென்ட்டில் சிம்போசியம் வரும். "வெப்சைட் யார் பண்றது?"ன்னு ஒரு கேள்வியும் கூடவே வரும். எச்டிஎம்எல் கொஞ்சம் தெரிந்த ஒரு செகண்ட் இயர் பையனோ பொண்ணோ மாட்டுவாங்க. இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

மெனு எப்படி வைக்கிறது, ஸ்லைடர் எப்படி ஓட விடுறது என்பதற்கெல்லாம் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதைத் திரும்ப இங்கே எழுதி உங்க நேரத்தைத் தின்னப் போவதில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தமிழ் மன்றம் ஒரு கவிதைப் போட்டி நடத்துது, ஆன்லைனில் பதிவு. ஒருத்தர் ஃபார்மில் தமிழில் டைப் செய்த பெயர், கடைசியில் அவர் கையில் வாங்குகிற சர்டிபிகேட்டில் அப்படியே வருமா? அந்தத் தாள் ஃபைலில் ஏறி வருஷக்கணக்கில் கூடவே இருக்கப் போகிறது. பெயர் தப்பாக இருந்தால் அவருக்கு அது வெறும் தாள்தான்.

அந்தப் பெயர் பிரவுசரில் கிளம்பி சர்வர், டேட்டாபேஸ், எக்செல், பிடிஎஃப் என்று ஐந்து இடம் தாண்டணும். ஒவ்வொரு இடத்திலும் சிதைய வாய்ப்பு இருக்கு. இதைப் புரிந்துகொண்டால் வெப் புரோகிராமிங்கில் பாதி அடிப்படை தானாக வந்துவிடும்.

எட்டா, பதினைந்தா, நாற்பத்தைந்தா?

'கிருஷ்ணமூர்த்தி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு எட்டு எழுத்து: கி, ரு, ஷ், ண, மூ, ர், த், தி. யூனிகோடுக்கு அது 15. ஏனென்றால் 'கி' என்பது அங்கே க என்ற குறியும், அதைத் தொடர்ந்து வரும் இகரக் குறியும். புள்ளியும் தனிக் குறிதான். இதே பெயரை யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 45 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் ஆகும். ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும்.

பிஎச்பியில் இதை நேரடியாகப் பார்க்கலாம். சாதாரண 'எஸ்டிஆர்லென்' 45 என்று சொல்லும். 'எம்பி' என்று முன்னால் சேர்த்த அதன் அண்ணன் 15 என்று சொல்லும். 'கிராஃபீம்' என்று ஆரம்பிக்கிற இன்னொன்று இருக்கு, அதுதான் நம்மைப் போலவே 8 என்று எண்ணும். மூன்றும் சரிதான். எதை எண்ணச் சொல்கிறோம் என்பது நமக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

தெரியாவிட்டால் என்ன ஆகும்? பெயர்ப் பெட்டிக்கு 'மேக்ஸ்லென்த்' பத்து போதும்னு ஒருத்தர் வைத்துவிடுகிறார். நம்ம ஆள் டைப் செய்துகொண்டே போனால் 'கிருஷ்ணமூர' என்ற இடத்தில் பெட்டி நின்றுவிடும். எழுத்து பத்துகூட இல்லையே, ஏன் ஏத்துக்க மாட்டேங்குதுன்னு அவர் மண்டையைப் பிய்த்துக்கொள்வார். பெயருக்கு 100 கொடுங்க. டேட்டாபேஸ் காலத்துக்கும் அதே அளவு கொடுங்க. இடம் ஒன்றும் காலியாகிவிடாது.

யூனிகோட் வருவதற்கு முன்னால் பாமினி மாதிரியான ஃபான்ட்கள்தான் ராஜா. இன்னும் பல பிரின்டிங் பிரஸ்களில் அதுதான் ஓடுது. அதில் நடப்பது ஒரு கண்கட்டு வித்தை. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருப்பார்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் அப்படியேதான் தெரியும். அதனால் அழைப்பிதழ் அடித்த பிரஸ்ஸிலிருந்து வாங்கிய வேர்ட் ஃபைலை அப்படியே காப்பி பண்ணி வெப்சைட்டில் ஒட்டாதீங்க. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கான கன்வெர்ட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

எப்படி சிதைஞ்சிருக்குன்னு பாருங்க

தமிழ் சரியாகத் தெரியவில்லை என்றதும் நம்மாட்கள் முதலில் செய்வது ஃபான்ட்டை மாற்றுவது. பத்தில் எட்டு முறை ஃபான்ட் மேல் தப்பே இருக்காது என்பது என் கணக்கு. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி, எப்படிச் சிதைந்திருக்கு என்று முதலில் பார்க்கணும்.

வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டம் தெரிந்தால், அது மட்டும்தான் ஃபான்ட் பிரச்சினை. டேட்டா நல்லாவே இருக்கு, வரைவதற்கு உருவம்தான் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரன், ஹிந்த் மதுரை என்று கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக நிறைய இருக்கு. ஒன்றை இணைத்தால் முடிந்தது.

மேலே கோடு போட்ட ஒரு 'ஏ', வட்டத்துக்குள் ஒரு 'ஆர்' என்று மாறி மாறி வந்தால் விஷயம் வேறு. சேமித்தது யூடிஎஃப்-8, படிப்பவர் அதைப் பழைய மேற்கத்திய என்கோடிங் என்று நினைத்துப் படிக்கிறார். தமிழ்க் குறிகள் எல்லாமே ஒரே முதல் பைட்டில் ஆரம்பிப்பதால்தான் அந்தக் கோடு போட்ட 'ஏ' விடாமல் திரும்பத் திரும்ப வருது. இதற்கு மருந்து: 'ஹெட்' பகுதி ஆரம்பித்த உடனே 'மெட்டா சார்செட்' வரியில் யூடிஎஃப்-8 என்று எழுதணும். ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்துவிட வேண்டும் என்பது எச்டிஎம்எல் விதி. மேலே நீளமாகக் கமென்ட் எழுதி, அந்த வரியைக் கீழே தள்ளிவிடக் கூடாது. இந்த வகைச் சிதைவில் பைட்கள் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும், மீட்டுவிடலாம்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால்தான் நிஜமாகவே பயப்படணும். 'தமிழ்' என்ற இடத்தில் ஐந்து கேள்விக்குறி இருந்தால், தமிழே தெரியாத ஒரு பெட்டிக்குள் யாரோ அந்த ஐந்து குறிகளையும் திணித்திருக்கிறார்கள். அது ஒவ்வொன்றையும் தூக்கிப்போட்டுவிட்டு கேள்விக்குறியை வைத்துவிட்டது. உள்ளே இருப்பதே கேள்விக்குறிதான். எந்த ஃபான்ட்டும் எந்தக் கன்வெர்ட்டரும் அதைத் திருப்பித் தராது. பதிவு செய்தவர்களுக்கு ஒவ்வொருத்தராகப் போன் போட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இது பெரும்பாலும் நடக்கும் இடம் டேட்டாபேஸ். மைஎஸ்க்யூஎல் 8.0 வருவதற்கு முன்னால், நாம் ஒன்றும் சொல்லாமல் டேபிள் உருவாக்கினால் அது லத்தீன்-1 ஆகத்தான் உருவாகும். அதில் தமிழை வைத்தால், ஸ்ட்ரிக்ட் மோட் ஆன் ஆகியிருந்தால் எரர் காட்டும், ஆஃப் ஆகியிருந்தால் சத்தமில்லாமல் கேள்விக்குறி போட்டுவிடும். எரர் வந்தால் கடுப்பாகாதீங்க, அது உங்களைக் காப்பாத்துது. டேபிளை 'யூடிஎஃப்8எம்பி4' என்ற கேரக்டர் செட்டில் உருவாக்குங்கள். பெயரில் இன்னொரு 'யூடிஎஃப்8' மட்டும் இருக்குமே, அது 3 பைட்டோடு நின்றுவிடும். தமிழ் எழுத்துக்கு அது போதும்தான், ஆனால் யாராவது பெயர் பக்கத்தில் ஒரு எமோஜி போட்டால் 4 பைட் வேணும். எமோஜி போடுகிறவர்கள் கட்டாயம் வருவார்கள்.

டேபிள் சரி, பேஜ் சரி, ஆனாலும் கேள்விக்குறி வருதுன்னா இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கனெக்‌ஷனைப் பாருங்கள். பிஎச்பியிலிருந்து கனெக்ட் ஆன உடனே சார்செட்டை அங்கேயும் சொல்லணும். மூன்று இடத்திலும் ஒரே பேச்சு இருக்கணும்.

ஃபார்மில் நாம் செய்கிற அநியாயம்

வெளிநாட்டு டெம்ப்ளேட்டை டவுன்லோட் பண்ணினால் அதில் 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று இரண்டு பெட்டி இருக்கும், இரண்டும் கட்டாயம் என்று நட்சத்திரக் குறியோடு. நம்ம ஊரில் 'ம. கவிதா' என்று இனிஷியலோடு பெயர் எழுதுகிற பொண்ணு லாஸ்ட் நேமுக்கு எங்கே போவாள்? ஒரு புள்ளி வைப்பாள், இல்லை அப்பா பெயரைப் போடுவாள், இல்லை கவிதாவையே இரண்டு தடவை அடிப்பாள். சர்டிபிகேட்டில் 'கவிதா கவிதா' என்று வரும். ஒரே பெட்டி வையுங்கள். 'பெயர்: சான்றிதழில் எப்படி வர வேண்டுமோ அப்படியே' என்று மேலே எழுதுங்கள். முடிந்தது.

அடுத்தது வேலிடேஷன். இணையத்தில் கிடைக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன்களில் பாதி, ஆங்கில ஏ முதல் இசட் வரை மட்டும்தான் பெயர் என்று நினைக்கின்றன. கொஞ்சம் விவரமானவர்கள் யூனிகோடின் 'எழுத்து' வகை எல்லாம் வரலாம் என்று எழுதுவார்கள். அப்பவும் 'கவிதா' உள்ளே போகாது! 'க' எழுத்து வகைதான், ஆனால் இகரக் குறியும் துணைக்காலும் புள்ளியும் 'குறி' என்ற தனி வகை. இரண்டு வகையையும், இடைவெளியையும், இனிஷியலுக்குப் புள்ளியையும் சேர்த்தால்தான் நம்ம பெயர் உள்ளே வரும். பெயருக்கு வேலிடேஷனே வேண்டாம், காலியாக மட்டும் இருக்கக் கூடாது என்று விட்டுவிடுவது இன்னும் நல்லது என்பேன்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு டிசூசா வந்து, ஆங்கிலத்தில் 'டி' போட்டு மேற்கோள் குறி போட்டுப் பெயரை எழுதினார் என்று வையுங்கள். எஸ்க்யூஎல் வரியில் பெயரை அப்படியே ஒட்டி எழுதியிருந்தால் அந்த ஒற்றைக் குறியில் க்வெரி உடையும். ஹேக்கர்கள் நுழைவதும் அதே ஓட்டை வழியாகத்தான், அதற்குப் பெயர் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். 'பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்' பயன்படுத்தினால் டிசூசா பத்திரமாக உள்ளே வருவார், ஹேக்கர் வெளியே நிற்பார். ஜாவாஸ்கிரிப்டில் செக் பண்ணியாச்சே என்று சர்வரில் விடாதீங்க. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை ஆஃப் பண்ண யாராலும் முடியும்.

பதிவு செய்கிறவர்களில் பெரும்பாலானோர் பஸ்ஸில் போகும்போது போனில்தான் திறப்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'வியூபோர்ட்' மெட்டா வரி இல்லாவிட்டால் போன் உங்கள் பேஜைச் சுமார் 980 பிக்சல் அகலம் என்று நினைத்துச் சுருக்கிவிடும், எறும்பு சைஸில் தெரியும். தமிழுக்கு 'லைன் ஹைட்' 1.6க்குக் குறையாமல் வையுங்கள், மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் மோதாமல் இருக்கும். 'இட்டாலிக்' வேண்டவே வேண்டாம், தமிழ் ஃபான்ட்களில் பொதுவாக அது கிடையாது, பிரவுசர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும். இன்னொன்று: விண்டோஸில் 'லோகோ'வைப் பெரிய எழுத்தில் சேமித்துவிட்டு கோடில் சின்ன எழுத்தில் எழுதினால் உங்கள் லேப்டாப்பில் ஓடும், லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் படம் காணாமல் போகும். அங்கே பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு.

எக்செல் என்னும் கண்டம்

பதிவு முடிந்தது. கோஆர்டினேட்டர் "லிஸ்ட் அனுப்புப்பா" என்பார். நீங்கள் சிஎஸ்வி எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்புவீர்கள். அவர் டபுள் கிளிக் பண்ணுவார். எக்செல் அதை யூடிஎஃப்-8 என்று தெரிந்துகொள்ளாமல், மேலே சொன்ன கோடு போட்ட 'ஏ'க்களாகக் கொட்டும். டேட்டாபேஸில் எல்லாம் சரியாக இருந்தும் "உன் வெப்சைட் சரியில்ல"ன்னு பேச்சு வாங்குவது நீங்கள்தான்.

எக்செலில் 'டேட்டா' டேப் வழியாகப் போய், டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து இம்போர்ட் பண்ணி, 65001 என்று எண் போட்ட யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். ஆனால் கோஆர்டினேட்டருக்கு இதைப் போனில் சொல்லிப் புரியவைப்பதற்குள் சிம்போசியமே முடிந்துவிடும். எக்ஸ்போர்ட் பண்ணும்போதே ஃபைலின் தொடக்கத்தில் 'பாம்' என்கிற மூன்று பைட்டை எழுதிவிடுங்கள். அதைப் பார்த்தால் எக்செல் தானே புரிந்துகொள்ளும்.

ரெஜிஸ்டர் நம்பர் இன்னொரு தொல்லை. அண்ணா பல்கலைக்கழக ரெஜிஸ்டர் நம்பர் 12 இலக்கம். எக்செல் அதை எண் என்று நினைத்து, பத்தின் அடுக்கு போட்டு அறிவியல் குறியீட்டில் காட்டும். இம்போர்ட் பண்ணும்போது அந்தக் காலத்தை 'டெக்ஸ்ட்' என்று சொல்லணும்.

கடைசி ஸ்டாப்

சர்டிபிகேட்டை கோட் எழுதி பிடிஎஃப் ஆக்கும்போது ஒரு பழைய வில்லன் வருவான். 'கெ' என்பதை யூனிகோட் க முதலில், கொம்பு பிறகு என்ற வரிசையில் சேமிக்கும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வரைவது 'ஷேப்பிங்' என்ற தனி வேலை. பிரவுசர்கள் அதை ஒழுங்காகச் செய்யும். பல பிடிஎஃப் லைப்ரரிகள் செய்யாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும், 'கு' ஒட்டாமல் க தனியாக, சுழி தனியாக நிற்கும். ஃபான்ட் ஃபைலைச் சரியாகக் கொடுத்தாலும் இதே கதைதான்.

எளிய வழி: சர்டிபிகேட்டையே ஒரு எச்டிஎம்எல் பேஜாகச் செய்யுங்கள். சிஎஸ்எஸ்ஸில் பேஜ் அளவை ஏ4 படுக்கை வாட்டம் என்று வைத்து, ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் பேஜ் பிரேக் கொடுத்து, குரோமில் பிரின்ட் போட்டு பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். 200 பேருக்கும் ஒரே ஃபைலில் வந்துவிடும். பிரின்ட் பெட்டியில் 'பேக்கிரவுண்ட் கிராஃபிக்ஸ்' டிக் பண்ண மறந்தால் பார்டர் டிசைன் வராமல் போகலாம்.

பதிவு திறப்பதற்கு முன்னால் 'கிருஷ்ணமூர்த்தி', 'ம. கவிதா', 'பூங்கொடி', 'கௌசல்யா', மேற்கோள் குறியோடு ஒரு டிசூசா, எமோஜியோடு ஒருத்தர் என்று ஆறு பேரை நீங்களே பதிவு செய்து, சர்டிபிகேட் வரை பிரின்ட் எடுத்துப் பாருங்கள். விழா அன்று காலையில் பெயர்ப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அடித்து ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்கில் ஒட்டி, பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். தங்கள் பெயரைப் பார்த்து அவரவரே டிக் போடட்டும். சர்டிபிகேட் பிரின்டை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கொடுத்தால் போதும்.