ஒரு நாவலோடு ஓராண்டு

என் மேசைமீது ஐந்து கொப்பிகள் இருக்கின்றன. சென்ற தைப்பொங்கலுக்கு மறுநாள் தொடங்கி மார்கழி முடிய நான் எழுதியவை அவை. அவற்றுள் முதலிரண்டையும் அச்சுக்குக் கொடுக்கப்போவதில்லை. ஓராண்டு உழைப்பிலே ஏறக்குறையப் பாதி வீணாயிற்றே என்று நண்பர்கள் இரங்குகின்றனர். அந்த இரண்டு கொப்பிகளுக்காக நான் வருந்தவில்லை. வருத்தம் வேறோர் அத்தியாயத்தைப் பற்றியது.

யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில் ஒன்றைக் களமாக வைத்து நாவல் எழுதவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வரிசையாக அமர்ந்து, சுற்றிய சுருட்டின் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிய தொழிலாளர் நடுவே, ஒருவர் மாத்திரம் புகையிலையைத் தொடமாட்டார். அவர் பத்திரிகையையும் கதைகளையும் உரத்து வாசிப்பார். மற்றையோரின் கண்ணும் கையும் வேலையில் இருக்கும். காது அவரிடம் இருக்கும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பலர் அரசியலும் இலக்கியமும் அறிந்தது அங்கேதான். ஈழத்து நாவல் 1885இல் சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’யோடு தொடங்கிற்று என்று மாணாக்கருக்கு ஆண்டுதோறும் கற்பித்தவன் நான். நாவலைக் காதாற் கேட்ட வாசகரைப் பற்றி ஒருநாளாவது கற்பித்தேன் அல்லேன்.

முதலிரு கொப்பிகளையும் என் அறைக்குள் இருந்தே எழுதினேன். புகையிலை மணத்தை வருணிக்க மாத்திரம் நான்கு பக்கங்கள்! எழுதியவன் மகிழ்ந்தான், கதை நகரவில்லை.

சித்திரை மாதத்திலே, வலிகாமத்துக் கிராமம் ஒன்றில், இளமையில் கொட்டில் வாசிப்பாளராயிருந்த முதியவர் ஒருவரைக் கண்டேன். தொண்ணூறை எட்டும் வயது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 தொடக்கம் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்ததல்லவா? அதன் இறுதிப் பகுதிகளைக் கொட்டிலிலே வாசித்தவர் அவர். அப்பொழுது பதினாறு வயதுப் பெடியன். இப்பொழுது கண்பார்வை இல்லை. ஆகவே ஞாயிறுதோறும் நான் வாசிக்க, அவர் கேட்பது என்று ஏற்பாடாயிற்று.

முதல்நாளே பத்தாவது வரியில் கையை உயர்த்தினார்.

“மாஸ்ரர், உந்த வசனத்திலை ஆர் ஆரை அடிச்சது?”

மறுமுறை வாசித்துக் காட்டினேன்.

“நீங்கள் திருப்பி வாசிச்சபடியாலை விளங்குது. கேக்கிறவன் பக்கத்தைத் திருப்பிப் பாக்க ஏலாது.”

இத்தனை ஆண்டுகளாக நான் படித்த திறனாய்வு நூல்கள் எனக்குக் கற்பிக்காத பாடம் அது. நீண்ட வசனத்தை அவர் வெறுத்தாரல்லர். மூச்சு விடுவதற்கு அதில் இடம் வேண்டும் என்றார். ‘சுருட்டுத் தொழிற்சாலை’ என்று நான் எழுதியிருந்ததைக் கேட்டுச் சிரித்தார். “கொட்டில் எண்டு எழுதுங்கோ. தொழிற்சாலை எண்டா நாங்கள் இன்னும் கொஞ்சம் கூலி கேட்டிருப்பம்.” 1960களின் தொடக்கத்தில் பேச்சுமொழியை இலக்கியத்திற் கையாளலாமா என்று பெரும் வாதம் நிகழ்ந்தது, அதனை இழிசனர் வழக்கு என்று ஒதுக்கினர் மரபாளர். அவ்வாதத்தை வகுப்பிலே விளக்கும்போதெல்லாம் பேச்சுமொழியின் பக்கமே நின்றவன் நான். அப்படியிருந்தும் என் தொழிலாளர்கள் ஆசிரியத் தலையங்கம் போலப் பேசிக்கொண்டிருந்தனர். கண்ணிழந்த ஒருவரின் செவி அதனைக் கண்டுபிடித்தது. மூன்றாங் கொப்பியிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன்.

இனி அந்த அத்தியாயம்.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில், தாம் கொட்டிலை விட்டு நீங்க நேர்ந்த காரணத்தை அவராகவே சொன்னார். அதிலே இன்னொருவருக்கும் பங்கிருந்தது. வீடு திரும்பி மூன்று இரவுகளில், ஓர் அடித்தலும் இன்றி, பன்னிரண்டாம் அத்தியாயத்தை எழுதி முடித்தேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், ஆண்டையும் மாற்றினேன். என் வாழ்நாளில் எழுதியவற்றுள் அதுவே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அடுத்த ஞாயிறு வாசித்தேன். அவர் ஓரிடத்திலும் கை உயர்த்தவில்லை.

“வடிவா எழுதியிருக்கிறியள். ஒரு பிழையுமில்லை” என்றார். சற்றுப் பொறுத்து, “என்னைப்பற்றி எண்டா போடுங்கோ. ஆனா அந்த ஆளின்ரை பேரப்பிள்ளையள் இந்த ஒழுங்கையாலைதான் பள்ளிக்கூடம் போகினம்” என்றார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன்.

எழுத்தாளன் எவருக்கும் அஞ்சலாகாது என்று மேடைகளிற் பேசியவன் நான். கே. டானியல் 1972இல் ‘பஞ்சமர்’ நாவலை வெளியிட்டபோது எதனையும் பூசி மெழுகவில்லையே என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனால் டானியலின் எழுத்து சுட்டது ஒடுக்கியவர்களை. என் எழுத்து சுடப்போவது யாரை? மாற்றிய பெயரை அயலூரார் நம்புவர். அந்த ஒழுங்கையில் எவரும் நம்பார். புரட்டாதி முழுவதும் ஒரு வரியும் எழுதாது கழிந்தது. ஐப்பசியிலே அத்தியாயத்தைக் கொப்பியிலிருந்து கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நாவல் இப்பொழுது சற்று நொண்டுகின்றது. நேற்றுவரை உரத்து வாசித்தவன் திடீரென்று ஏன் வாய்மூடிப் போனான் என்பது வாசகருக்கு விளங்காது. விமரிசகர் அதனைக் குறை என்பர், குறைதான். வேறொரு காரணத்தைக் கற்பித்து அவ்விடத்தை அடைக்க இருமுறை முயன்றேன். இரண்டும் பொய்யாகவே ஒலித்தன.

எழுத்து முடிந்துவிட்டது, ஞாயிறு வாசிப்பு இன்னும் முடியவில்லை. மழை நாட்களில் இரண்டு மூன்று வாரம் தடைப்பட்டது. வருகின்ற ஞாயிறு பதின்மூன்றாம் அத்தியாயத்தை வாசிக்கவேண்டும். பன்னிரண்டு எங்கே என்று அவர் கேட்கமாட்டார் என்றே எண்ணுகின்றேன்.