தூக்கணாங்குருவியும் காட்டுச் சிலந்தியும்

கிணற்றோரப் பனையின் ஓலை நுனியில் ஆடுகிறது ஒரு கூடு. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுப் பாதையில், இரு மரங்களுக்கு நடுவே பொன்னிறமாக மின்னுகிறது ஒரு வலை. கூட்டைப் பின்னியது தூக்கணாங்குருவி. வலையைப் பின்னியது பெரிய காட்டுச் சிலந்தி. இரண்டும் தேர்ந்த நெசவாளிகள். ஆனால் தொழில்முறையோ நேர் எதிர்.

குருவிக்கு நார் வெளியிலிருந்து வர வேண்டும். நெற்தாளிலும் நாணலிலும் அலகால் ஒரு வெட்டுப் போட்டு, விளிம்பைக் கவ்விக்கொண்டு பறக்கும். தாள் நீள நாராகக் கிழிந்து வந்துவிடும். இப்படிச் சுமார் 500 முறை பறந்து, ஏறக்குறைய 18 நாளில் ஒரு கூட்டை முடிக்கிறது. சிலந்திக்கு அந்த அலைச்சல் இல்லை. வயிற்றுச் சுரப்பிகளில் திரவமாக இருக்கும் புரதம், இழுக்க இழுக்க இறுகி நூலாகிறது.

குருவிகளில் நெய்வது ஆண். கூடு பாதியில் தொப்பிபோல் தொங்கும்போதே பெண் குருவி பார்வையிட வரும். அதற்குப் பிடித்தால்தான் ஆண் நீண்ட வாசற்குழலைக் கட்டி முடிக்கும். முட்டைகளைப் பெண்ணிடம் விட்டுவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்கும். மகாராஷ்டிரத்தின் கிஹிம் கிராமத்தில் 1930இல் இந்த வழக்கத்தைக் கூர்ந்து கவனித்துப் பதிவு செய்தவர் பறவையியலாளர் சாலிம் அலி.

சிலந்திகளில் நெய்வது பெண். அதன் உடல் மட்டுமே 5 சென்டிமீட்டர் வரை வளரும். ஆணோ 6 மில்லிமீட்டர் அளவுதான்! பெண்ணின் வலையோரத்திலேயே தங்கி, அது இரை தின்னும் வேளை பார்த்து நெருங்கும்.

கூடு குஞ்சுகளுக்கான வீடு. வலை இரைக்கான பொறி. அதில் முட்டைக்கு இடமில்லை. தாய்ச் சிலந்தி தரையிறங்கி, மண்ணில் குழி பறித்து முட்டையிட்டு மூடுகிறது.

பெரிய வேறுபாடு கற்பதில் இருக்கிறது. ஆப்பிரிக்கத் தூக்கணாங்குருவி இனம் ஒன்றைப் பறவை ஆய்வாளர்களான கோலியஸ் தம்பதியர் ஆராய்ந்தனர். இளமையில் நார் கிடைக்காமல் வளர்ந்த ஆண்கள் பிறகு சரியாகப் பின்னத் திணறின. வலை பின்னும் சிலந்திக்குப் பயிற்சியே தேவையில்லை. தனியாக வளர்ந்தாலும் தன் இனத்துக்குரிய வலையைப் பின்னிவிடும்.

இரண்டுக்கும் பூச்சிகள் வேண்டும்: குருவிக்குக் குஞ்சுகளை வளர்க்க, சிலந்திக்கு உயிர் வாழ. காட்டுச் சிலந்தியின் கடி மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை. வலையைக் கம்பால் கலைக்காமல் விலகி நடக்கலாம். முட்டையும் குஞ்சும் இருக்கும் கூட்டை வீட்டு அழகுக்காக வெட்டி எடுக்காதீர்கள். கிணற்றோரப் பனையையும் நிற்க விடுங்கள்.