உளவியல் ஆய்வில் நம்பகம் : மதிப்பீட்டாளர் உடன்பாடு குறித்துச் சில கருத்துகள்

ஓர் அளவுகோல் ஒரே பொருளை மீண்டும் மீண்டும் அளக்கும்போது ஏறத்தாழ ஒரே அளவைத் தருமாயின் அது நம்பகமுடையது எனப்படும். உளவியல் அளப்பனவோ நினைவு, கவலை, மொழித்திறன் போன்ற கண்ணுக்குப் புலனாகாதவை. ஆதலின் நம்பகத்தைத் தனியே நிறுவ வேண்டியுள்ளது. மறுதேர்வு முறை, இருபாதி முறை ஆகியன பாடநூல்களில் விரிவாகவே உள்ளன. ஒரே பேச்சை இருவர் கேட்டு மதிப்பிடும்போது எழும் சிக்கலே மொழியியலாருக்கு நெருக்கமானது.

ஒரு குழந்தையின் 100 கூற்றுகளை இருவர் தனித்தனியே கேட்டு, ஒவ்வொன்றிலும் திக்கல் உண்டா இல்லையா எனக் குறிப்பதாகக் கொள்வோம். 85 கூற்றுகளில் இருவரும் 'இல்லை' என்கின்றனர். 5 கூற்றுகளில் இருவரும் 'உண்டு' என்கின்றனர். எஞ்சிய பத்தில் ஒருவர் ஐந்தையும் மற்றவர் வேறு ஐந்தையும் திக்கல் என்கின்றனர். உடன்பாடு 90 விழுக்காடு. அறிக்கையில் எழுத அழகான எண்தான். ஆயின் இருவரும் பேச்சைக் கேளாமலே, நூற்றுக்குப் பத்து என்ற அளவில் 'உண்டு' எனக் குறித்திருந்தாலும், தற்செயலாகவே 82 விழுக்காடு உடன்பாடு கிட்டியிருக்கும். இத்தற்செயற் பகுதியைக் கழிக்கும் காப்பா கெழுவை ஜேக்கப் கோகென் 1960இல் முன்வைத்தார். அதன்படி 0.90இலிருந்து 0.82ஐக் கழித்து, எஞ்சிய 0.08ஐ 0.18ஆல் வகுக்க, 0.44 மட்டுமே கிடைக்கிறது. ஒருவரேனும் திக்கல் என்ற 15 கூற்றுகளில் இருவரும் ஒத்தவை ஐந்தே என்பதையும் நோக்குக. குழந்தையைப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புவதா வேண்டாவா என்னும் முடிவு இப்பதினைந்தையே சார்ந்தது.

ஒரு வகை மிக அரிதாக வரும்போது காப்பா இயல்பாகவே தாழும் என்பதும் உண்மை. எனவே எண் தாழ்ந்தவுடன் மதிப்பீட்டாளரைக் குறைகூறுவது முறையன்று. வரையறையை முதலில் ஆராய வேண்டும்.

தமிழில் இது பெரிதும் இன்றியமையாதது. 'மெல்ல மெல்ல' என்பது அடுக்குத்தொடர். 'சலசல' என்பது இரட்டைக்கிளவி. இரண்டும் இலக்கண வழக்குகளே. 'சொல் மீண்டும் வருமாயின் திக்கல் எனக் குறிக்க' என மட்டும் சொல்லும் கையேட்டைக் கொண்டு மதிப்பிட்டால், மொழியுணர்வால் ஒருவர் 'மெல்ல மெல்ல' என்பதை விலக்குவார். மற்றவர் விதிப்படி சேர்ப்பார். உடன்பாடு குலையும். இருவருமே விதியைப் பிசகாது பின்பற்றினால் காப்பா ஒன்றை நெருங்கும், நம்பகம் மிகும். ஏற்புடைமையோ இராது: நன்றாகப் பேசும் குழந்தையைத் திக்குவாயென இருவரும் ஒருமனதாகக் குறித்திருப்பர்.