பழைய பேட்டரியும் பச்சை வயலும்

வீட்டு அலமாரியில் பழைய கார்ட்லெஸ் போனோ, ட்ரிம்மரோ கிடக்குதா நேயர்களே? உள்ளே நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கலாம். குப்பைத்தொட்டி மேல குறுக்குக்கோடு போட்ட படம் தெரியுதான்னு பாருங்க. அந்த பேட்டரியைக் குப்பையில் போட்டா, உறை துருப்பிடிச்சு காட்மியம்ங்கிற நச்சு உலோகம் மண்ணில் இறங்கும். நெற்பயிர் அதை வேர் வழியா உறிஞ்சிக்கும். ஜப்பானில், ஜின்சூ ஆற்றில் கலந்த, காட்மியம் உள்ள சுரங்கக் கழிவு வயலுக்குப் பாய்ஞ்சு, அந்த அரிசியைச் சாப்பிட்டவங்களுக்கு எலும்பே நொறுங்கிச்சு. நோயோட பேரே 'இத்தாய் இத்தாய்'. 'வலிக்குதே, வலிக்குதே'ன்னு அர்த்தம். நம்ம தஞ்சாவூரோ நெல்லை நம்பி வாழுற மண்! மறுசுழற்சிக்குப் போனா, அதே பேட்டரியோட நிக்கல் எவர்சில்வர் செய்ய உதவும். இந்தியாவோட 2022 பேட்டரிக் கழிவு விதிகள்படி, பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கிறது தயாரிப்பாளரோட பொறுப்பு. அப்படித் திரும்பக் கொடுக்கிற வரைக்கும் தனியா ஒரு டப்பாவில் போட்டு வையுங்க.