பிணைய நிகழ்படக் கண்காணிப்பு

பிணைய நிகழ்படக் கண்காணிப்பு என்பது கேமராக்கள் எடுக்கும் காட்சிகளை எண்ணிமத் தரவாக மாற்றி, கணினிப் பிணையத்தின் வழியாக அனுப்பிச் சேமிக்கும் முறை ஆகும். இதற்கு முன்பு பரவலாக இருந்த மூடிய சுற்றுத் தொலைக்காட்சி (சிசிடிவி) அனலாக் எனப்படும் அலைமருவிக் குறிகைகளையே பயன்படுத்தியது. பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாறுவது 1990களின் பிற்பகுதியில் தொடங்கியது. இம்மாற்றம் படத்தின் தெளிவோடு நிற்கவில்லை. பதிவு எவ்வளவு காலம் இருக்கும், அதை யார் பார்க்க முடியும் என்பனவும் இதனால் மாறின.

அலைமருவி முறை

மூடிய சுற்றுத் தொலைக்காட்சியின் தொடக்ககாலப் பயன்பாடுகளுள் ஒன்று செருமனியில் நிகழ்ந்தது. 1942 ஆம் ஆண்டில் பேனமுண்டே என்னுமிடத்தில் வி-2 ஏவுகணைகள் ஏவப்படுவதைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்காக, வால்ட்டர் புரூக் என்னும் பொறியாளர் இத்தகைய அமைப்பை உருவாக்கினார். அதில் பதிவு செய்யும் வசதி இல்லை. காட்சியை நேரடியாகப் பார்க்க மட்டுமே இயன்றது.

பின்னாளில் வீட்டு நிகழ்பட நாடாக்கள் வந்தபோது பதிவு எளிதாயிற்று. ஒவ்வொரு கேமராவிலிருந்தும் ஓர் ஓரச்சு வடம் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும். அங்கு பன்மையாக்கி என்னும் கருவி, பல கேமராக்களின் படங்களை ஒன்று மாற்றி ஒன்றாக ஒரே நாடாவில் பதியும்.

இம்முறையின் குறையை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வழங்கிய பால் முறையில் நொடிக்கு 25 படச்சட்டங்கள் உண்டு. 3 மணி நேர நாடாவில் 24 மணி நேரத்தைப் பதிய வேண்டுமெனில், எட்டில் ஒரு பங்கு, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 3 படச்சட்டங்கள் மட்டுமே கிடைக்கும். அவற்றை 16 கேமராக்களுக்குப் பகிர்ந்தால், ஒரு கேமராவுக்கு ஏறத்தாழ 5 நொடிக்கு ஒரு படம் கிடைக்கும். அந்த இடைவெளியில் ஒருவர் கதவைக் கடந்து சென்றுவிடலாம். நாடாவை மீண்டும் மீண்டும் அழித்துப் பதிவதாலும் படம் மங்கியது.

இடைக்கால மாற்றம்

முதலில் மாறியது பதிவுக் கருவியே. நாடாவின் இடத்தில் நிலைவட்டு கொண்ட எண்ணிம நிகழ்படப் பதிவி (டிவிஆர்) வந்தது. இதில் கேமராவும் வடமும் பழையனவே. குறிகை பதிவியை அடைந்த பின்னரே எண்ணிமமாக்கப்பட்டது. நாடா மாற்றும் வேலை ஒழிந்தது. தேதி, நேரம் கொண்டு காட்சியைத் தேடவும் முடிந்தது. எனினும் படத்தின் தெளிவு அலைமருவிக் கேமராவின் எல்லைக்குள்ளேயே நின்றது.

பிணையக் கேமரா

1996 ஆம் ஆண்டில் சுவீடனின் ஆக்சிசு நிறுவனம் நெட்ஐ 200 என்னும் கேமராவை வெளியிட்டது. இதுவே முதல் பிணையக் கேமராவாகக் கருதப்படுகிறது. இதனால் தொடர்ச்சியான அசைவைக் காட்ட இயலவில்லை. ஆயினும், கேமராவே ஒரு சிறு கணினியாகி, தனக்கென ஓர் இணைய நெறிமுறை முகவரியைப் பெற்றது.

பிணையக் கேமராவில் காட்சி கேமராவுக்குள்ளேயே எண்ணிமமாக்கப்பட்டு, அளவு குறுக்கப்பட்டு, தரவுப் பொதிகளாக அனுப்பப்படுகிறது. இம்முறை பரவுவதற்குப் பின்வரும் சீர்தரங்கள் துணை செய்தன:

- எச்.264 (2003): ஒரு படச்சட்டத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பித் தரவின் அளவைக் குறைப்பது.
- ஐ.இ.இ.இ. 802.3ஏஎஃப் (2003): தரவு செல்லும் ஈதர்நெட் வடத்திலேயே மின்சாரத்தையும் வழங்குவது. இதனால் கேமராவுக்குத் தனி மின்வடம் தேவையில்லை.
- ஆன்விஃப் (2008): ஆக்சிசு, பாசு, சோனி ஆகிய நிறுவனங்கள் தொடங்கிய அமைப்பு. ஒரு நிறுவனத்தின் கேமரா மற்றொரு நிறுவனத்தின் பதிவியுடன் இணங்கி இயங்க வழி செய்தது.

படத்தின் தெளிவு

1993 பெப்ரவரியில் இங்கிலாந்தின் பூட்டில் நகர வணிக வளாகம் ஒன்றிலிருந்து ஜேம்சு பல்சர் என்னும் இரண்டு வயதுக் குழந்தை அழைத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். அழைத்துச் சென்ற காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. ஆனால் படம் தெளிவற்று இருந்ததால், அவனுடன் இருந்தோர் பத்து வயதுச் சிறுவர்கள் என்பது அதிலிருந்து புலப்படவில்லை. அவர்கள் மேலும் மூத்தவர்களாகவே தோன்றினர்.

அலைமருவி முறையில் எண்ணிமமாக்கப்பட்ட முழுப்படத்தின் அளவு 704 × 576, அதாவது ஏறத்தாழ 4 இலட்சம் படப்புள்ளிகள். 1920 × 1080 அளவுள்ள பிணையக் கேமராவில் ஏறத்தாழ 20.7 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. கண்காணிப்புக்கான ஐரோப்பியச் சீர்தரத்தின்படி, அறிமுகமில்லாத ஒருவரை ஐயமின்றி அடையாளங்காண மீட்டருக்கு 250 படப்புள்ளிகள் வேண்டும். அதன்படி முதல் கேமரா 2.8 மீட்டர் அகலத்தையும், இரண்டாவது 7.7 மீட்டர் அகலத்தையும் மட்டுமே அடையாளங்காணும் தரத்தில் காட்ட இயலும். பெரிய திடல் முழுவதையும் ஒரே கேமராவால் காட்டினால் முகம் தெரியாது என்பது எண்ணிம முறைக்கும் பொருந்தும்.

பிணையமும் சேமிப்பும்

ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் தரவை அனுப்புவதாகக் கொள்வோம். ஒரு நாளில் 86,400 நொடிகள் உள்ளதால், நாளொன்றுக்கு 43.2 கிகாபைட்டு தேவைப்படும். 16 கேமராக்களை 30 நாள் பதிய ஏறத்தாழ 20.7 டெராபைட்டு வேண்டும். பிணையத்தில் அவை நொடிக்கு 64 மெகாபிட் இடம் பிடிக்கும். இக்கணக்கைச் செய்யாமல் கேமராக்களை மட்டும் வாங்கினால், பிணையம் தடுமாறும் அல்லது பழைய பதிவுகள் விரைவில் அழியும்.

காலத்தாழ்வும் கருதத்தக்கது. அலைமருவிக் காட்சி உடனடியாகத் திரையில் தோன்றும். பிணைய முறையில் குறுக்குதலுக்கும் விரித்தலுக்கும் சிறிது நேரம் பிடிப்பதால், கேமராவைக் கைப்பிடியால் திருப்புவோர் இத்தாழ்வை உணர்வர்.

படிப்படியான மாற்றம்

பழைய அமைப்பை ஒரே நாளில் அகற்றுவது செலவு மிக்கது. எனவே குறியாக்கி என்னும் கருவியால் பழைய கேமராக்களைப் பிணையத்துடன் இணைக்கும் கலப்பு முறை வழக்கத்தில் உள்ளது. பழைய ஓரச்சு வடத்தின் வழியாகவே ஈதர்நெட் தரவை அனுப்பும் மாற்றிகளும் உண்டு. சாதாரண ஈதர்நெட் செப்பு வடத்தின் எல்லை 100 மீட்டர் என்பதால், நெடுந்தொலைவுக்கு ஒளியிழை பயன்படுகிறது. 2010களில் ஓரச்சு வடத்திலேயே உயர்தெளிவுக் காட்சியை அனுப்பும் புதிய அலைமருவி முறைகளும் வந்தன.

பாதுகாப்புச் சிக்கல்கள்

மூடிய சுற்று என்னும் பெயருக்கேற்ப, பழைய அமைப்பைத் தாக்க வடத்தை நேரில் அணுக வேண்டியிருந்தது. பிணையக் கேமராவை உலகின் எம்மூலையிலிருந்தும் அணுகலாம். 2016 ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவிகளையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் அவற்றைக் கொண்டு டின் என்னும் ஆள்களப் பெயர்ச் சேவை நிறுவனம் தாக்கப்பட்டதால், பல பெரிய இணையத்தளங்கள் முடங்கின. கடவுச்சொல்லை மாற்றுதல், நிலைபொருளைப் புதுப்பித்தல், கேமராக்களைத் தனிப் பிணையத்தில் வைத்தல் ஆகியன அடிப்படைக் காப்புகளாகும்.

பதிவைக் காத்தல்

எண்ணிமப் பதிவு அழியாது என்பது தவறான கருத்து. 2020 சூன் மாதம் தமிழ்நாட்டின் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் வணிகர் செயராசும் அவர் மகன் பென்னிக்சும் தாக்கப்பட்டு, பின்னர் உயிரிழந்தனர். விசாரித்த நீதித்துறை நடுவர், நிலைவட்டில் போதிய இடமிருந்தும் நிலையத்தின் கேமராப் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியுமாறு அமைக்கப்பட்டிருந்ததாகத் தம் அறிக்கையில் குறிப்பிட்டார்.

2020 திசம்பர் 2 அன்று வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலிப்பதிவும் இரவுக்காட்சியும் உள்ள கேமராக்களை நிறுவுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பதிவுகளை 18 மாதங்கள் காக்க வேண்டும் என்றும், அத்தகைய கருவி கிடைக்காவிடின் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்றும் அது கூறியது. ஆகவே பதிவு எத்தனை நாள் நிற்கும், அதை அழிக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பவற்றை அமைப்பை நிறுவும்போதே முடிவு செய்தல் இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

- மூடிய சுற்றுத் தொலைக்காட்சி
- கணினிப் பிணையம்
- நிகழ்படக் குறுக்கம்
- தனியுரிமை