மூட்டு நல்லா வளைஞ்சா நல்லதுதானே?

கட்டைவிரல் முன்கையில போய் ஒட்டுதா? சுண்டுவிரல் பின்பக்கமா 90 டிகிரி வளையுதா? முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைத் தாண்டி 10 டிகிரிக்கு மேல பின்னால போகுதா? இந்த நாலுக்கும் வலது, இடதுன்னு எட்டு மதிப்பெண். முட்டி மடங்காம குனிஞ்சு உள்ளங்கையைத் தரையில பதிச்சா இன்னொண்ணு. மொத்தம் 9. இதுதான் பெய்ட்டன் ஸ்கோர். பருவமடைந்ததிலிருந்து 50 வயது வரை 5 அல்லது அதுக்கு மேல வந்தா ‘ஹைப்பர்மொபிலிட்டி’, அதாவது மூட்டு மிகைநெகிழ்வு என்பது 2017-ல் வந்த சர்வதேச வரையறை.

எனக்கு 7. ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை வாலிபால். ‘ரப்பர் மாதிரி உடம்புடா’ன்னு சொன்ன அதே நண்பர்கள்தான், ஸ்மாஷ் அடிக்கும்போது ரெண்டு தடவை தோள் நழுவினப்போ தூக்கிட்டுப் போனாங்க.

ஏன் இப்படி? எலும்போட எலும்பைக் கட்டி வைக்கிறது தசைநார். மூட்டு எவ்வளவு தூரம் போகலாம்னு தடுப்பு போடுறதும் அதுதான். அது இளகலா இருந்தா, தடுப்பு வேலையும் தசை தலையில விழுது. தசை களைச்சுப் போனா பிடிமானமும் போச்சு. மூட்டு இப்போ எந்தக் கோணத்துல இருக்குன்னு மூளைக்குப் போற தகவலும் பலருக்குக் கொஞ்சம் மங்கலா இருக்கும். 2010-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, மிகைநெகிழ்வு உள்ள விளையாட்டு வீரர்களுக்கு முழங்கால் காயம் அதிகம்னு காட்டுச்சு. கணுக்காலில் அப்படி வித்தியாசம் தெரியல.

‘நெகிழ்வான உடம்பு’ன்னு மொத்தமா முத்திரை குத்துறதும் தப்பு. முத்தையா முரளிதரனைப் பாருங்க. அவருடைய வலது முழங்கை பிறவியிலேயே முழுசா நீளாது. ஆனா மணிக்கட்டும் தோளும் அசாத்தியமா சுழலும். ஒரே கையில ஒரு மூட்டு இறுக்கம், ரெண்டு மூட்டு தாராளம். 1995 டிசம்பர் 26-ல் மெல்போர்னில் அம்பயர் டேரல் ஹேர் அவர் பந்தை ‘எறியுறார்’னு ஏழு தடவை நோ-பால் கொடுத்தார். 1996-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் கேமராக்கள் வெச்சு அளந்து, அது எறிதல் போலத் தெரியும் கண்மயக்கம்னு சொல்லுச்சு. 133 டெஸ்ட்டில் 800 விக்கெட் பிறகு வந்த கதை. மூட்டைக் கண்ணால எடை போடக் கூடாது, ஒவ்வொண்ணா அளக்கணும்.

இதைப் புரிஞ்சுக்கிட்ட பிறகு என் பயிற்சியே மாறிடுச்சு. தொடை பின்பக்கம் எப்பவும் இறுக்கமா இருக்கும். அது குட்டையான தசை இல்ல, இளகின மூட்டைக் காவல் காக்கிற தசை. அதை மேலும் இழுக்கிறது காவல்காரனை வீட்டுக்கு அனுப்புற மாதிரி. அதனால கடைசி எல்லை வரைக்கும் ஸ்ட்ரெச் பண்றதில்லை. புஷ்-அப், ஸ்குவாட் ரெண்டுலயும் மூட்டைப் பூட்ட மாட்டேன், கடைசியில லேசா மடக்கம் வெச்சு நிறுத்துவேன். இறங்கும்போது மூணு எண்ணி மெதுவா. பல் தேய்க்கிற நேரம் ஒத்தைக்கால் நிலை.

எடை தூக்கலாமான்னு கேட்பீங்க. 2022-ல் டென்மார்க்கில் மிகைநெகிழ்வும் தோள் பிரச்சினையும் உள்ள 100 பேரை வெச்சு 16 வாரம் பார்த்தாங்க. படிப்படியா கனமான எடை தூக்கினவங்களோட தோள், லேசான பயிற்சி செஞ்சவங்களுடையதை விட நல்லா முன்னேறுச்சு. பயந்து ஒதுங்குறதை விட, முறையா ஏத்துறதுதான் பாதுகாப்பு.

இன்னொரு இடம், நம்ம ஊர்ல யாரும் யோசிக்காதது: அசெம்பிளி லைன். எட்டு மணி நேரம் நிக்கும்போது என் முழங்கால் தானா பின்னால போய்ப் பூட்டிக்கும். தசை ஓய்வெடுக்கும், மொத்த எடையும் தசைநார்ல தொங்கும். இப்போ கால்மாத்தி, முட்டியை இளக்கி நிக்கப் பழகுறேன். சந்திரசூடேஸ்வரர் மலைப்படி இறங்கும்போதும் அதே விதி.

ஸ்கோர் 9 வந்தாலும் அது நோய் இல்ல. வலியே இல்லாதவங்க நிறைய. ஆனா மூட்டு அடிக்கடி நழுவுது, வலி மாசக்கணக்கா விடல, தோல் வழக்கத்துக்கு மீறி இழுபடுது, வீட்டுல மத்தவங்களுக்கும் இப்படின்னா மருத்துவரைப் பாருங்க. ‘யோகா பண்ணு, சரியாயிடும்’னு யாராவது சொன்னா, முதல்ல உங்க ஸ்கோரைச் சொல்லுங்க.