முடிதிருத்தும் கடைக்கு வந்த மருந்துச்சீட்டு

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது காஹாங். இந்த ஊரானாலும் சரி, மலேசியத் தமிழர் வாழும் வேறு ஊரானாலும் சரி, நீரிழிவைக் குறிக்கும் 'இனிப்புநீர்' என்ற சொல் வீட்டுப் பேச்சில் அடிக்கடி வந்துவிடும். 2019-இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரை மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு.

சோறும் தே தாரிக்கும்தான் காரணம் என்று முடித்துவிட முடியாது. நம் உடலமைப்புக்கும் இதில் பங்குண்டு. புனே மருத்துவர் யாக்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடல்களையே ஒப்பிட்டு 2004-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3தான். ஆனால் கொழுப்பு, யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. எடைக்கருவி "பரவாயில்லை" என்று சொல்லும் ஒல்லியான ஆளுக்கும் சர்க்கரை ஏறுவது இதனால்தான். நமக்கு இடுப்பில் அளவுநாடாவைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

உணவு ஆலோசனையும் அப்படித்தான், நமக்கேற்றபடி இருக்க வேண்டும். தட்டில் கால் பங்கு மாவுச்சத்து, கால் பங்கு புரதம், பாதி காய்கனி என்கிறது சுகாதார அமைச்சு. இதையே எத்தனை தோசை, எவ்வளவு சோறு, கீரைக் கூட்டு எவ்வளவு என்று சொன்னால்தான் அடுப்படி வரை போய்ச் சேரும்.

யார், எங்கே வைத்துச் சொல்கிறார் என்பதும் முக்கியம். அதற்கு லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின ஆண்களிடையே இரத்தக் கொதிப்பு அதிகம். மேகநோய்க்குச் சிகிச்சை தராமல் கறுப்பின ஆண்களை 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்த டஸ்கிகி ஆய்வுக்குப் பிறகு, மருத்துவர்மேல் ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. எனவே ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவரின் குழு, கறுப்பினத்தவர் நடத்தும் 52 முடிதிருத்தும் கடைகளுக்குப் போனது. சோதனையில் சேர்ந்த வாடிக்கையாளர்கள் 319 பேர். ஒரு பிரிவில், மருந்தாளுநரே கடைக்கு வந்து அழுத்தத்தை அளந்து மருந்தும் எழுதினார். மற்றதில், "டாக்டரைப் பாருங்கள்" என்று முடிதிருத்துபவர் எடுத்துச் சொன்னார். ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் முதல் பிரிவில் 27 புள்ளி இறங்கியது, இரண்டாவதில் 9.3தான். 2018-இல் வெளியான இந்த முடிவு சொல்வது இதுதான்: நம்பிக்கையானவரின் பேச்சு கொஞ்சம் உதவும், அந்த இடத்துக்கே சிகிச்சையும் வந்தால் நிறைய உதவும்.

சிகிச்சை இருக்கும் இடத்துக்கே வருவது நமக்குப் புதிதல்ல. பழைய தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே 'டிரசர்' என்ற மருத்துவ உதவியாளர் இருந்தார். அந்த ஏற்பாட்டில் குறைகள் ஏராளம். ஆனாலும் ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். மலேசியாவில் முடிதிருத்தும் கடை நடத்துவோரில் தமிழர் பலர். காஹாங் போன்ற ஊர்களில் கடையிலும் கோயில் மண்டபத்திலும் தமிழ்த் துண்டறிக்கை கொடுப்பதோடு நின்றால், அந்த 9.3 புள்ளி போன்ற சிறு பலன்தான் மிஞ்சும். அளவுநாடா, சர்க்கரைமானி, மருந்து எழுதத் தகுதியுள்ள ஒருவர் ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்து வர வேண்டும்.